அது வெறும் புறாதானே?

"அது வெறும் புறாதானே?" இந்த மூன்று சொற்களுக்கு எதிராகவே இக்கட்டுரை எழுதப்படுகின்றது.

முற்றத்திலோ வீதியோரத்திலோ இறகொன்றைக் கண்டெடுப்பவர்கள் அதனைக் கையில் ஏந்தியபடி "இது என்ன பறவையினுடையது?" என்று கேட்கிறார்கள். நல்ல கேள்வி. ஆனால், அது புள்ளிப்புறாவின் இறகு என்ற பதிலைக் கேட்டவுடன் அவர்களுடைய முகம் வாடிப்போகின்றது. இறகு குப்பைக்குப் போய்விடுகின்றது. கழுகு என்றோ ஆந்தை என்றோ, குறைந்தபட்சம் தூரதேசத்தில் இருந்து வலசை வந்த ஏதோவொரு பறவை என்றோ பதில் கிடைத்திருந்தால் அதே இறகு புகைப்படமாகி, முகநூலில் ஏறி, பத்திரிகை அலுவலகம் வரையில் வந்து சேர்ந்திருக்கும். கேட்டவருக்கு உண்மை தேவைப்படவில்லை. வியப்புத்தான் தேவைப்பட்டது என்பதே இதன் பொருள்.

சாதாரண வாசகரை இதற்காக நான் குறை கூறப்போவதில்லை. அவரை அப்படிப் பழக்கியவர்கள் எனது தொழிலைச் சேர்ந்தவர்கள். பறவையொன்று செய்தியாக வேண்டுமென்றால் அதற்கு முன்னால் 'அரிய வகை' என்ற அடைமொழி இருந்தாக வேண்டும் என்பது எமது செய்தி மேசைகளில் எழுதப்படாத சட்டமாகிவிட்டது. அடியில் கருமையும் நுனியில் வெண்மையும் கொண்ட வாலிறகு ஒன்றின் படத்தைப் பிரசுரித்து, 'அரிய பறவையின் இறகு கண்டெடுப்பு' என்று தலைப்பிட்ட செய்தியொன்றை நான் வாசித்திருக்கின்றேன். பத்திரிகையின் பெயர் இங்கு அவசியமில்லை. செய்தியை எழுதியவரோ, அதனைச் செம்மைப்படுத்தியவரோ, பக்கத்தை அமைத்தவரோ அலுவலகத்தின் யன்னலைத் திறந்து மின்கம்பியில் அமர்ந்திருக்கும் பறவையின் வாலை ஒரு தடவை பார்த்திருந்தால் போதும். அந்தச் செய்தி அச்சேறியிருக்காது.

இறகொன்றைக் கொண்டு பறவையை இனங்காண்பது மந்திரவித்தையல்ல. அது படிப்படியாகச் செல்லும் ஒரு விசாரணை. முதலில் கேட்க வேண்டியது 'எந்தப் பறவை' என்பதல்ல, 'உடலின் எந்தப் பகுதி' என்பதே. நடுத்தண்டின் ஒரு பக்கம் குறுகியும் மறுபக்கம் அகன்றும் இருந்தால் அது பெரும்பாலும் சிறகின் பறப்பிறகு. இரு பக்கமும் ஏறத்தாழச் சமமாக, நீண்டு நேராக இருந்தால் வாலின் நடுப்பகுதி இறகாக இருக்கலாம். சிறியதாக, வளைந்து, அடிப்பகுதி பஞ்சுபோல் இருந்தால் உடலைப் போர்த்தியிருக்கும் இறகு. இந்த முதற்படியைத் தாண்டாமல் நிறத்தைப் பற்றிப் பேசத் தொடங்குபவர், குற்றம் எங்கே நடந்தது என்று அறியாமலேயே குற்றவாளியின் பெயரை எழுதும் நிருபருக்கு ஒப்பானவர்.

இரண்டாவது படி, குடும்பம். புறாக்களின் இறகுகள் உடலில் அத்தனை இறுக்கமாகப் பிடித்திருப்பதில்லை. அச்சுறுத்தப்படும்போதும், எதிரியின் பிடியில் அகப்படும்போதும் அவை கொத்தாகக் கழன்று விடுகின்றன. பிடித்தவனின் வாயில் இறகை விட்டுவிட்டு உயிரோடு தப்பிக்க அது உதவுகின்றது. எமது முற்றங்களில் புறா இறகுகள் அடிக்கடி கிடைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். புறாவின் இறகுகளில் மென்மையான வெண்பொடி படிந்திருக்கும். கண்ணாடி யன்னலில் மோதிய புறாவொன்று தனது முழு உருவத்தையும் அந்தப் பொடியினால் கண்ணாடியில் வரைந்துவிட்டுப் போவதைப் பலர் பார்த்திருக்கலாம். நுணுக்குக்காட்டி வசதியுள்ளவர்களுக்கு மேலும் ஒரு சான்று உண்டு: இறகின் அடிப்பஞ்சின் நுண்ணிழைகளில் காணப்படும் கணுக்கள் புறாக் குடும்பத்திற்கேயுரிய தனித்த வடிவத்தைக் கொண்டவை.

மூன்றாவது படி, இனம். இலங்கையில் 'புறா' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் நாம் அடைத்து வைத்திருப்பவை எத்தனை? கட்டடங்களில் வாழும் மாடப்புறா, வீட்டுத் தோட்டங்களில் காணும் புள்ளிப்புறா, வடக்கிலும் வடமேற்குக் கரையோரத்திலும் வறண்ட வெளிகளில் காணும் கழுத்துப்பட்டைக் கள்ளிப்புறா, காட்டு நிழலில் நடமாடும் மரகதப்புறா, பழங்களைத் தேடித் திரியும் பச்சைப்புறாக்கள், மலைநாட்டில் மாத்திரம் வாழும், இத்தீவுக்கே உரித்தான காட்டுப்புறா. இவை அனைத்தும் ஒரே 'புறா' அல்ல.

புள்ளிப்புறா தன்னைக் காட்டிக் கொடுக்கும் இடங்கள் மூன்று. முதலாவது, கழுத்து. பிடரியின் கறுத்த பட்டையில் உள்ள சிற்றிறகுகள் ஒவ்வொன்றின் நுனியும் இரண்டாகப் பிளந்து, ஒவ்வொரு பிளவின் முனையிலும் ஒரு வெண்புள்ளியைத் தாங்கியிருக்கும். விரல் நகமளவுள்ள இந்த ஓரிறகு கிடைத்துவிட்டால் வழக்கு முடிந்தது. இரண்டாவது, சிறகின் மேற்போர்வை. எமது நாட்டிலும் இந்தியாவிலும் வாழும் புள்ளிப்புறாக்களில் இந்த இறகுகள் பழுப்பு நிறமாக, நுனியில் இளஞ்சிவப்புக் கலந்த வெளிர்புள்ளிகளோடு இருக்கும். அப்புள்ளியை இரண்டாகப் பிரித்தபடி கருங்கோடு ஒன்று தண்டு வழியே ஓடும். மூன்றாவது, வால். பன்னிரண்டு வாலிறகுகளில் நடுவிலுள்ளவை வெறும் பழுப்பு. ஓரத்திலுள்ளவற்றின் அடிப்பகுதி கருமையாகவும் நுனிப்பகுதி அகன்ற வெண்மையாகவும் இருக்கும். பறந்தெழும்பும்போது விசிறிபோல் விரியும் வாலில் நாம் காணும் வெள்ளை அதுவே.

இங்குதான் எச்சரிக்கை தேவை. கள்ளிப்புறாவின் ஓர வாலிறகிலும் கருமையும் வெண்மையும் உண்டு. ஆனால் அதன் மேற்புறம் வெளிர் சாம்பலாக இருக்கும். புள்ளிப்புறாவின் வாலிலுள்ள கூர்மையான வேறுபாடு அங்கே தெரியாது. மலைநாட்டுக் காட்டுப்புறாவின் கழுத்திலும் சதுரங்கப் பலகைபோல் கறுப்பும் வெள்ளையும் உண்டு. ஆனால் அது உருவத்தில் பெரியது. அதன் வாலில் வெள்ளையே இல்லை. நுவரெலியாவில் எடுத்த கறுப்பு வெள்ளைச் சிற்றிறகு ஒன்றைக் கண்டவுடன் 'எமது தீவுக்கே உரிய பறவை' என்று குதிப்பவர், முதலில் புள்ளிப்புறாவை நீக்கிக் காட்ட வேண்டும். பொதுவானதை நீக்காமல் அரியதை நிறுவ முடியாது. பறவையியலில் மட்டுமன்றி, எனது தொழிலிலும் இதுவே முதல் விதி.

சரி, கிடைத்தது சிறகின் வெறும் பழுப்பான பறப்பிறகாக இருந்தால்? அப்போது அளவுகோலை எடுக்க வேண்டும். மாடப்புறாவின் எடை புள்ளிப்புறாவின் எடையைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு. ஆகவே அதன் பறப்பிறகு தெளிவாகவே நீளமானது. ஆனால் கள்ளிப்புறாவையும் புள்ளிப்புறாவையும் ஒற்றைப் பறப்பிறகைக் கொண்டு பிரிப்பது எளிதன்று. கொழும்பில் எடுத்த இறகென்றால் புள்ளிப்புறாவுக்கே வாய்ப்பு அதிகம் எனலாம். மன்னாரில் எடுத்ததென்றால் அப்படிச் சொல்ல முடியாது. அவ்வாறான வேளையில் 'புறா, பெரும்பாலும் புள்ளிப்புறா' என்று எழுதி நிறுத்திக்கொள்வதே நேர்மை. 'நிச்சயம்', 'பெரும்பாலும்', 'கூற இயலாது' என்ற மூன்று படிகளையும் வேறுபடுத்தத் தெரிந்தவனே சாட்சியத்தைக் கையாளத் தகுந்தவன். இன்று இம்மூன்றும் ஒரே தலைப்பின் கீழ் ஒரே எழுத்தளவில் அச்சாகின்றன.

கைத்தொலைபேசிச் செயலி இருக்கும்போது இவ்வளவு சிரமம் எதற்கு என்று இளைய நண்பர்கள் கேட்கக்கூடும். செயலிகளை நான் வெறுப்பவனல்லன். கோர்னெல் பல்கலைக்கழகத்தின் 'மெர்லின்' போன்றவை உலகெங்கும் பல இலட்சம் பேருக்குப் பறவைகளை அறிமுகம் செய்துள்ளன. ஆனால், அவை முழுப் பறவையையும் அதன் குரலையும் கொண்டு இனங்காண்பதற்காக ஆக்கப்பட்டவை. மேசையில் கிடக்கும் ஓரிறகின் படத்தைக் காட்டி ஒரு பெயரைப் பெற்றுக்கொண்டு, அதனைச் சரிபார்க்காமல் பரப்புவது, தொலைபேசியில் யாரோ சொன்னதை அப்படியே செய்தியாக்குவதற்குச் சமம். அமெரிக்காவின் மீன் மற்றும் வனவிலங்குச் சேவை அந்நாட்டுப் பறவைகளின் இறகுகளைப் படியெடுத்து, அளவுகளோடு, எவரும் ஒப்பிட்டுப் பார்க்கத்தக்க வகையில் இணையத்தில் வைத்திருக்கின்றது. எமது பறவைகளுக்குத் தமிழில் அத்தகையதொன்றை நான் கண்டதில்லை. செயலியைப் புகழ்வதற்கு முன்னர் இந்த வெறுமையைப் பற்றி நாம் வெட்கப்பட வேண்டாமா?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இறகு கிடைத்தது என்பது பறவை செத்தது என்பதாகாது. பறவைகள் தமது பழைய இறகுகளை ஒழுங்காக உதிர்த்துப் புதியவற்றை வளர்த்துக்கொள்கின்றன. அப்படி உதிர்ந்த இறகின் தண்டு முழுமையாக, தேய்ந்த நுனியோடு இருக்கும். வல்லூறு போன்ற வேட்டைப் பறவை இரையின் இறகுகளை அலகினால் பிடுங்கி எறியும். அங்கே முழுத் தண்டுகள் குவியலாகக் கிடக்கும். பூனையும் கீரியும் கடித்துக் குதறும். தண்டுகள் அறுபட்டும் நொருங்கியும் இருக்கும். ஒற்றை இறகைக் கண்டவுடன் 'பறவைகள் கொன்று குவிப்பு' என்று எழுதுவதற்கு முன்னர் தண்டின் அடியைத் திருப்பிப் பார்க்க அரை நிமிடம் கூட ஆகாது. அந்த அரை நிமிடம் யாருக்கும் இல்லை என்பதுதான் எனது முறைப்பாடு.

'இதெல்லாம் பொழுதுபோக்கு, இதனால் யாருக்கு என்ன பயன்?' என்று கேட்பவர்களுக்கு ஒரு வரலாற்றை நினைவூட்டுகின்றேன். 1960 ஆம் ஆண்டு ஒக்டோபர் 4 ஆம் திகதி அமெரிக்காவின் பொஸ்டன் விமான நிலையத்தில் இருந்து புறப்பட்ட ஈஸ்டர்ன் எயார்லைன்ஸ் விமானமொன்று சில விநாடிகளில் நீருக்குள் வீழ்ந்தது. அதிலிருந்த 72 பேரில் 62 பேர் உயிரிழந்தனர். இயந்திரங்களில் சிக்கியிருந்த பறவை எச்சங்கள் வொஷிங்டனின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்திற்கு அனுப்பப்பட்டன. அங்கு பணியாற்றிய ரொக்ஸி லேபோர்ன் என்ற பெண்மணி அவற்றை ஆராய்ந்து, அவை எமது மைனாவின் உறவுப் பறவையான ஸ்டார்லிங்குடையவை என்று கண்டறிந்தார். கழுகுமல்ல, பெரிய வாத்துமல்ல; அமெரிக்க நகரங்களில் எவரும் திரும்பிப் பார்க்காத ஒரு சின்னஞ்சிறு, மிகச் சாதாரணப் பறவை. விமான இயந்திரங்கள் எத்தகைய பறவை மோதலைத் தாங்க வேண்டும் என்ற பரிசோதனை நியமங்கள் உருவாவதற்கு அந்த விபத்தே வழிவகுத்தது. தடயவியல் இறகியல் என்ற துறையின் முன்னோடியாக இன்று மதிக்கப்படும் லேபோர்ன் 2003 ஆம் ஆண்டு காலமானார். 2009 ஜனவரி 15 ஆம் திகதி நியூயோர்க்கின் ஹட்சன் ஆற்றில் விமானமொன்று இறக்கப்பட்டு 155 பேரும் உயிர்தப்பியபோது, மோதியவை கனடா வாத்துகளே என்று உறுதி செய்ததும் அதே ஸ்மித்சோனியனின் இறகு ஆய்வுகூடந்தான்.

எமது கட்டுநாயக்க விமான நிலையத்தின் அயலில் நீர்கொழும்புக் களப்பும் முத்துராஜவெல சதுப்பு நிலமும் இருக்கின்றன. மன்னார்த் தீவின் தென்கரையில் 30 காற்றாலைகளைக் கொண்ட 103.5 மெகாவாட் 'தம்பபவனி' மின்நிலையம் 2020 டிசம்பரில் திறந்து வைக்கப்பட்டது. மத்திய ஆசிய வலசைப் பாதையில் வரும் பறவைகள் தங்கும் நிலப்பரப்பு அது. அயலிலுள்ள வங்காலை 2010 ஆம் ஆண்டு ராம்சார் ஈரநிலமாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. காற்றாலைகளின் கீழே பறவைகள் விழுகின்றனவா, விழுந்தால் எவை, எத்தனை என்பது அரசியல் மேடையில் கத்தித் தீர்க்கக்கூடிய விடயமல்ல. கோபுரத்தின் அடியில் கிடக்கும் இறகைக் கையில் எடுத்து, 'இது வலசைப் பறவை, இது உள்ளூர்க் கள்ளிப்புறா, இது உதிர்ந்தது, இது அறுபட்டது' என்று சொல்லத் தெரிந்தவர்கள் அந்த மண்ணிலேயே வேண்டும். திட்டத்தை ஆதரிப்பவருக்கும் எதிர்ப்பவருக்கும் அந்த அறிவு சமமாகவே தேவை. அது இல்லாத இடத்தில் இரு தரப்பும் தமக்கு வசதியான எண்ணிக்கையைக் கூறும். நாமும் இரண்டையும் அச்சடித்துவிட்டு 'நடுநிலை' என்று பெயர் சூட்டிக்கொள்வோம்.

பொதுவானது என்றும் பொதுவாகவே இருக்கும் என்ற நம்பிக்கை மற்றொரு மூடத்தனம். வட அமெரிக்காவில் ஒரு காலத்தில் சூரியனை மறைக்கும் அளவுக்குக் கூட்டமாகப் பறந்த பயணிப்புறாவின் தொகை 300 கோடி முதல் 500 கோடி வரை இருந்திருக்கலாம் என மதிப்பிடப்படுகின்றது. அந்த இனத்தின் கடைசிப் பறவையான 'மார்த்தா' 1914 செப்டெம்பர் 1 ஆம் திகதி சின்சினாட்டி விலங்கியல் பூங்காவில் இறந்தது. 'அது வெறும் புறாதானே' என்று அங்கேயும் ஒரு காலத்தில் சொல்லியிருப்பார்கள். ஐரோப்பாவின் காட்டுப்புறாக்களில் ஒன்றான டர்ட்டில் புறா 2015 ஆம் ஆண்டு அழிவாபத்துக்குள்ளாகக்கூடிய இனமாக உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தினால் பட்டியலிடப்பட்டது. இந்தியாவில் எண்ணிலடங்காது இருந்த பிணந்தின்னிக் கழுகுகள், கால்நடைகளுக்குக் கொடுக்கப்பட்ட டைக்குளோபினாக் என்ற மருந்தினால் ஒரு சில ஆண்டுகளில் ஏறக்குறைய துடைத்தெறியப்பட்டன. 2006 இல் அம்மருந்தின் கால்நடைப் பாவனை தடை செய்யப்பட்டபோது காலம் பெரிதும் கடந்திருந்தது.

மறுபுறத்தில், கள்ளிப்புறாவின் கதையைப் பாருங்கள். ஆசியாவைச் சேர்ந்த அப்பறவை கடந்த நூற்றாண்டில் ஐரோப்பா முழுவதும் பரவிச் சென்று, 1955 இல் பிரித்தானியாவில் முதன்முதலாகக் கூடு கட்டியது. அந்த ஆண்டு எமக்கு எப்படித் தெரிகின்றது? சாதாரணப் புறாவொன்றைப் பார்த்து, 'இது இங்கே இதுவரை இருந்ததில்லையே' என்று குறித்து வைத்த சாதாரண மனிதர்கள் அங்கே இருந்தார்கள். நாளை புள்ளிப்புறா எமது முற்றங்களில் இருந்து குறையத் தொடங்கினால், எந்த ஆண்டில் இருந்து என்று சொல்வதற்கு எம்மிடம் யார் இருக்கிறார்கள்?

இத்தனைக்கும் நாம் புறாவைப் பற்றிப் பேசாத சமூகமல்ல. புறாவுக்காகத் தன் தசையை அரிந்து கொடுத்த சிபியின் கதையைச் சோழர் தமது குலப்பெருமையாக்கிக் கொண்டனர். மேடையில் வெள்ளைப் புறாக்களைப் பறக்கவிட்டு சமாதானம் பேசாத அரசியல்வாதியை இந்நாட்டில் காண்பதரிது. 1949 இல் பாரிசில் நடைபெற்ற சமாதான மாநாட்டுக்காகப் பிக்காசோ வரைந்த புறாவே உலகெங்கும் சுவரொட்டிகளில் பறக்கின்றது. அதற்கு மாதிரியாக நின்றது காட்டுப் பறவையல்ல, ஓவியர் மத்தீஸ் பரிசளித்த வளர்ப்புப் புறா. எமது மேடைகளில் பறப்பதும் கூண்டில் வளர்த்த புறாவே. யுத்த காலத்தில், மனிதர்கள் விட்டுச் சென்ற முற்றங்களில் எவருடைய அனுமதியுமின்றி வாழ்ந்த பறவைகளில் புள்ளிப்புறாவும் ஒன்று. அதன் பெயர் எந்தச் சமாதான உரையிலும் வந்ததில்லை. அடையாளத்தைக் கொண்டாடிவிட்டு உயிரை மறப்பதில் எமக்கு நிகர் எவருமில்லை.

பெயரை மறப்பதிலும் அப்படித்தான். புள்ளிப்புறா, மணிப்புறா, மாடப்புறா, மரகதப்புறா என்று தமிழில் பெயர்களுக்குப் பஞ்சமில்லை. சிங்களக் கிராமத்துச் சிறுவன் 'அலு கொபெய்யா' என்று இதே பறவையைச் சுட்டிக் காட்டுவான். எமது பிள்ளையோ தேசியப் பறவையின் பெயரைப் பரீட்சைக்காகப் பாடமாக்கி வைத்திருக்கின்றது. தன் வீட்டு மதிலில் அமர்ந்திருப்பதன் பெயரைக் கேட்டால் 'புறா' என்பதோடு நின்றுவிடுகின்றது. தமிழ் அழிகின்றது என்று மேடைகளில் கண்ணீர் வடிப்பவர்கள் எவராவது இந்த அழிவைக் கணக்கில் எடுத்திருக்கிறார்களா?

என்ன செய்யலாம் என்று கேட்பவர்களுக்கு, பெரிய நிதியோ வெளிநாட்டு நிபுணரோ தேவையில்லை என்பதே எனது பதில். ஒவ்வொரு பாடசாலையிலும் ஒரு தடித்த அப்பியாசக் கொப்பி போதும். பிள்ளைகள் கண்ட இறகை அளவுகோலோடு சேர்த்துப் படமெடுத்து ஒட்டட்டும்; இடம், திகதி, நீளம், உடலின் எந்தப் பகுதி, என்ன பறவை, எவ்வளவு நிச்சயம் என்று ஆறு விடயங்களை எழுதட்டும். இறகைத் தொட்ட பின்னர் கைகளைச் சவர்க்காரம் போட்டுக் கழுவட்டும். 1955 இல் வெளிவந்த ஜி. எம். ஹென்றியின் இலங்கைப் பறவைகள் பற்றிய கைந்நூல் ஆங்கிலம் வாசிக்கும் ஒரு தலைமுறையையே பறவை பார்க்க வைத்தது. கொழும்புப் பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்ட களப் பறவையியல் குழு 1976 முதல் இயங்கி வருகின்றது. 1877 இல் திறக்கப்பட்ட கொழும்பு அருங்காட்சியகமும் இருக்கின்றது. ஒப்பிடுவதற்கு ஆதாரம் இல்லை என்று எவரும் தப்பித்துக்கொள்ள முடியாது. இல்லாதது தமிழில் எழுதி வைக்கும் பழக்கம் மாத்திரமே.

பத்திரிகை ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை உங்கள் மேசைக்கு ஓர் இறகின் படம் வரும்போது 'அரிய' என்ற சொல்லை எழுதுவதற்கு முன்னர், அது ஏன் புள்ளிப்புறாவினுடையதாக இருக்க முடியாது என்று நிருபரிடம் கேளுங்கள். அவரால் பதில் சொல்ல முடியாவிட்டால் அச்செய்தியை நிறுத்துங்கள். அது புள்ளிப்புறாவினுடையதுதான் என்று அவர் ஆதாரத்தோடு சொன்னால், அதையே நாலு வரியில் பிரசுரியுங்கள். 'வெறும்' என்ற சொல்லை மட்டும் வெட்டிவிடுங்கள்.